பவர் க்ரூஸர் வாங்கப் போகிறீர்களா? பழகிய ரைடர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பல வருடம் பைக் ஓட்டிப் பழகியவர்கள் பெரிய க்ரூஸர் பக்கம் திரும்பும்போது கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் கைக்குப் பழகியவர்களுக்கான பக்கம் இது. இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் இந்த வகை பைக்கே இப்போது வேண்டாம்.

பவர் க்ரூஸர்னு தனியா ஒரு வகை இருக்கா, இல்ல விளம்பரத்துக்கு வெச்ச பேரா?

இருக்கிறது. தாழ்வான சீட், நீளமான வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம்), அகலமான ஹேண்டில்பார் எல்லாம் க்ரூஸருடையது. இன்ஜின் மட்டும் வேறு ஜாதி. 1985-ல் வந்த யமஹா விமேக்ஸ்தான் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது. 1198 சிசி வி4 இன்ஜின், ஏறக்குறைய 145 குதிரைத்திறன். அன்றைக்கு க்ரூஸர் என்றாலே மெதுவாகப் போகிற வண்டி என்றிருந்த எண்ணத்தை அது உடைத்தது. பிறகு போர்ஷேயின் உதவியோடு உருவான இன்ஜினுடன் ஹார்லி வி-ராட், 2004-ல் ட்ரையம்ப் ராக்கெட் 3, 2011-ல் டுகாட்டி டயாவெல் என்று வரிசை நீண்டது.

இன்னொரு பிரிவும் உண்டு. ஹார்லியின் பெரிய சாஃப்டெய்ல்கள், இந்தியன் சீஃப், பிஎம்டபிள்யூ ஆர்18 போன்றவை. இவற்றின் குதிரைத்திறன் பெரிதாகத் தெரியாது, ஆனால் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) மலைபோல இருக்கும். "பவர்ஃபுல் க்ரூஸர்" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இந்த இரண்டாவது வகைதான். கடைக்குப் போகும் முன் இதில் ஒரு தெளிவு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பத்து வருஷமா ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுறேன். க்ரூஸர் எனக்கு ஈஸிதானே?

நேர்ச்சாலையில் ஈஸி. மற்ற இடங்களில் உங்கள் பழக்கமே உங்களுக்கு எதிராக நிற்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் முட்டியால் டேங்கைப் பிடித்து, பெக்கில் (கால் வைக்கும் கம்பியில்) எடையை மாற்றி, உடம்பை உள்ளே தள்ளித் திருப்புவீர்கள். கால் முன்னே நீட்டியிருக்கும் க்ரூஸரில் பெக்கை அழுத்தி உடம்பைத் தூக்க வழியே இல்லை. வண்டி ஹேண்டில்பாரை மட்டுமே கேட்டுத் திரும்பும். வலப்பக்கம் போக வலது கைப்பிடியை முன்னே தள்ளும் கவுன்ட்டர் ஸ்டியரிங்கைத் தெரிந்தே செய்யப் பழக வேண்டும்.

அதோடு, ஸ்போர்ட்ஸ் பைக்கில் வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டால் இன்னும் சாய்த்துச் சமாளித்துவிடலாம். இங்கே அந்த மிச்சம் கிடையாது. ஏன் என்பதைக் கீழே பெக் உராய்வது பற்றிய கேள்வியில் கணக்கோடு சொல்லியிருக்கிறேன்.

பிஹெச்பி பார்க்கணுமா, டார்க் பார்க்கணுமா?

இரண்டையும் விட, எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) என்று பாருங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். அதை 0.7355-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் விளம்பரத் தாளில் இருப்பதைவிட அதிகம் சொல்லும்.

2019-ல் வந்த ராக்கெட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4000 ஆர்பிஎம்மில் 221 நியூட்டன் மீட்டர். அதாவது அந்த இடத்திலேயே சுமார் 126 குதிரைத்திறன். டயாவெல் வி4-ன் அதிகபட்ச டார்க் 126 நியூட்டன் மீட்டர், அது 7500 ஆர்பிஎம்மில். கணக்குப் போட்டால் அங்கே சுமார் 135 வரும். இரண்டின் உச்சபட்ச பவரும் ஏறக்குறைய ஒன்றே: ராக்கெட் 167, டயாவெல் 168. தாளில் இரட்டைப் பிறவிகள். சாலையில் ஒன்று கியர் மாற்றாமலேயே லாரியைத் தாண்டும். மற்றொன்று இரண்டு கியர் இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டால் பறக்கும். எது உங்கள் கைக்கு இன்பம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உச்ச எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது இந்த வகையில் அர்த்தமே இல்லாத வேலை.

சிசி பெருசா இருந்தா பவரும் பெருசுதானே?

இல்லை. ஆர்18-க்கு 1802 சிசி, 91 குதிரைத்திறன். ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-க்கு 1252 சிசி, 121. முன்னது மெதுவாகச் சுழன்று 3000 ஆர்பிஎம்மில் 158 நியூட்டன் மீட்டரைக் கொட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பின்னது நீரால் குளிரூட்டப்பட்ட, வேகமாகச் சுழலும் நவீன இன்ஜின். சிசி என்பது குணத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது.

எடை 300 கிலோன்னு போட்டிருக்கான். அதைப் பார்த்தாலே பயமா இருக்கு. பயப்படணுமா?

ஓடும்போது பயப்பட வேண்டியதில்லை. எடை தரைக்கு அருகில் இருப்பதால் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டியதுமே பாதி எடை காணாமல் போனது போலிருக்கும். பயம் வேண்டியது நிற்கும்போதும், தள்ளும்போதும், பார்க்கிங்கில் திருப்பும்போதும். முன்பக்கம் சரிந்த இடத்தில் மூக்கைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால், அங்கிருந்து 345 கிலோ ஆர்18-ஐப் பின்னுக்கு இழுப்பது ஒரு ஆளின் வேலை இல்லை. அதனால்தான் அதற்கு ரிவர்ஸ் வசதியைத் தனியாகத் தருகிறார்கள். சரிவான இடத்தில் பின்சக்கரத்தை மேட்டின் பக்கம் வைக்காமல், பள்ளத்தின் பக்கம் வைத்து நிறுத்துங்கள். எப்படி வெளியே எடுக்கப் போகிறோம் என்று யோசித்துவிட்டு நிறுத்துவதுதான் பெரிய க்ரூஸர்காரரின் முதல் பழக்கம்.

எடையைப் படிப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சில கம்பெனிகள் பெட்ரோல், ஆயில் இல்லாத உலர் எடையைப் போடும். சில, பெட்ரோல் மட்டும் நீக்கிய எடையைப் போடும். சில, எல்லாம் நிரப்பிய எடையைப் போடும். ராக்கெட் 3 ஆர்-ன் 291 கிலோ உலர் எடை. நிரப்பினால் 300-ஐத் தாண்டிவிடும். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ. 20 லிட்டர் டேங்க் என்றால் 15 கிலோ. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டு வாருங்கள்.

நான் கொஞ்சம் குள்ளம். க்ரூஸர்னா கால் எட்டும்ல?

பெரும்பாலும் எட்டும். ஆர்18 சீட் 690 மி.மீ., ஹோண்டா ரெபெல் 1100 சீட் 700 மி.மீ. ஆனால் டயாவெல் வி4 790 மி.மீ.; க்ரூஸர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தரை எட்டுவதைவிடப் பெரிய சிக்கல், கையும் காலும் எட்டுமா என்பது. கன்ட்ரோல்கள் (பெக், பின்பிரேக், கியர் லீவர்) முன்னால் இருக்கும் வண்டியில் குள்ளமானவர் பின்பிரேக்கை முழுதாக அழுத்தச் சீட்டில் நழுவி முன்னே போக வேண்டியிருக்கும். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, வெளிப்பக்கக் கை நீட்டி விறைத்துப் போகிறதா என்று பாருங்கள். போனால், மெதுவாக யூ-டர்ன் போடும்போது த்ராட்டில் கட்டுப்பாடு உங்களிடம் இருக்காது.

ஃபுட்பெக் முன்னாடி இருக்கறது நல்லதா, நடுவுல இருக்கறதா? பார்க்க முன்னாடிதான் கெத்தா இருக்கு.

கெத்துதான், சந்தேகமில்லை. ஆனால் என் ஓட்டு நடுவில் இருக்கும் மிட் கன்ட்ரோலுக்கே. காரணம் முதுகு. கால் முன்னே நீண்டிருக்கும்போது உடம்பின் எடை முழுவதும் புட்டத்திலும் வால் எலும்பிலும் இறங்குகிறது. ஒரு பள்ளம் வந்தால் பெக்கில் ஊன்றி எழும்ப முடியாது. அந்த அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். வேகம் கூடும்போது நெஞ்சில் மோதும் காற்று உங்களைப் பின்னே தள்ளும். அதைச் சமாளிக்கக் கைகள் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தபடி இருக்கும். கொஞ்ச நேரம் இது தெரியாது. அரை நாள் ஓட்டினால் தோள்பட்டை சொல்லும்.

முன் கன்ட்ரோல் யாருக்கு நல்லது? நீளக் கால்காரர்களுக்கு. மிட் கன்ட்ரோலில் முட்டி அதிகமாக மடங்கி, இடுப்பு வலிக்கிறவர்களுக்கும். நல்ல சாலையில் நிதானமாகப் போகிறவர்களுக்கு அது சோபா மாதிரியும் இருக்கும். பல மாடல்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது. ஆர்18-ல் மட்டும் இந்த ஆசை வேண்டாம்: பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சிலிண்டர்கள் கால் நீட்டும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

திருப்பத்துல ஃபுட்பெக் தரையில உரசி சத்தம் வருது. ஆபத்தா, இல்ல சும்மா ஸ்டைலா?

எச்சரிக்கை. பெக் மடங்கும்படி செய்திருப்பதால் அது உராய்வதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியும் சாய்த்தால் அடுத்து தரையைத் தொடுவது மடங்காத இரும்பு: சைலன்ஸர், ஸ்டாண்ட் பிராக்கெட், ஃபிரேம். அது நெம்புகோல் போலப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் டயரின் பிடிமானம் முதலில் முடியும். க்ரூஸரில் டயருக்குப் பிடிமானம் மிச்சமிருக்கும்போதே இரும்பு தரைக்கு வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 28 டிகிரிதான் சாயும் ஒரு க்ரூஸர், ஒரு வளைவை அதிகபட்சம் 60 கி.மீ. வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வளைவில் 41 டிகிரி சாயக்கூடிய டயாவெல் வி4 சுமார் 77 கி.மீ. வரை போகலாம். இன்னொரு விதமாகப் பார்த்தால்தான் இதன் காரம் தெரியும். அந்த 28 டிகிரி வண்டியில் வெறும் 10 கி.மீ. கூடுதலாக, 70-ல் நுழைந்துவிட்டால் தேவைப்படும் சாய்வு ஏறக்குறைய 36 டிகிரி. வண்டியிடம் அது இல்லை. உங்களிடம் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இல்லாத டிகிரியை வரவழைக்க முடியாது.

ஆகவே சாய்வுக் கோணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஹார்லி ஃபேட் பாய்க்குச் சுமார் 26 டிகிரி, ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-க்கு 34. உங்கள் வழக்கமான பாதை மலைப்பாதை என்றால் இந்த ஓர் எண்ணே பல மாடல்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். வாங்கிய பிறகு உராய்கிறதென்றால், பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) உங்கள் எடைக்குச் சரிசெய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருவர் ஏறியும் ஒற்றை ஆள் செட்டிங்கிலேயே ஓடும் வண்டிகள்தான் அதிகம் உரசுகின்றன.

பின்னாடி 240 டயர் வேணும். அதுல என்ன பிரச்சினை?

பிரச்சினை என்று சொல்ல மாட்டேன், விலை உண்டு. 240 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். இவ்வளவு அகலமான டயரில் வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து வெகுவாக உள்பக்கம் நகர்கிறது. அதை ஈடுகட்ட, அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சாய்க்க வேண்டும். போன பதிலில் சொன்ன சொற்ப டிகிரியில் இதுவும் கழியும். குறைந்த வேகத்தில் வண்டி தானாக நிமிரப் பார்க்கும். ஹேண்டில்பாரை அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையிலேயே ஓடினால் நடுப்பகுதி தட்டையாகத் தேயும். பிறகு வளைவில் அந்த விளிம்பைத் தாண்டும்போது வண்டி சட்டென்று விழுவதுபோல ஓர் உணர்வு வரும். மாற்றும்போது இந்த அளவில் தேர்வுகளும் குறைவு, விலையும் அதிகம். ஆனாலும் எல்லா 240-ம் ஒன்றல்ல. டயாவெல், ராக்கெட் 3 இரண்டும் 240 டயரோடுதான் வருகின்றன. டயரின் வளைவும் சாஸியும் சரியாக அமைந்தால் எவ்வளவு நன்றாகத் திரும்பும் என்பதற்கு அவையே சாட்சி. ஒல்லியான டயரோடு வந்த வண்டியில் வெளியே கொடுத்து அகல டயர் மாட்டுவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை.

பின்பிரேக்கை நான் தொடறதே இல்ல. இதுலயும் அப்படியே ஓட்டலாமா?

கூடாது. உயரமான, வீல்பேஸ் குறைவான பைக்கில் முன்பிரேக் பிடித்ததும் எடை எல்லாம் முன்னே பாய்ந்து, பின்சக்கரம் லேசாகிவிடும். அதனால்தான் அங்கே பின்பிரேக்குக்கு வேலை குறைவு. க்ரூஸரில் வீல்பேஸ் நீளம் (ராக்கெட் 3-ல் 1677 மி.மீ., ஆர்18-ல் 1731), எடையும் தாழ்வு. கடுமையாகப் பிடித்தாலும் பின்சக்கரத்தில் நல்ல சுமை மிஞ்சும். அங்கே பெரிய பிரேக் இருந்தும் பயன்படுத்தாவிட்டால் நிற்கும் தூரத்தை நீங்களே நீட்டிக்கொள்கிறீர்கள்.

மெதுவாகத் திரும்பும்போது அது இன்னும் முக்கியம். முன்பிரேக்கைத் தொடாமல், கிளட்சைப் பாதியில் வைத்து, த்ராட்டிலை லேசாகத் திறந்து, பின்பிரேக்கால் இழுத்துப் பிடித்தபடி போனால் எவ்வளவு கனமான வண்டியும் சொன்னபடி கேட்கும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைக் கவ்வுவதுதான் பார்க்கிங்கில் பெரிய க்ரூஸர்கள் கீழே விழுவதற்கான வழக்கமான காரணம்.

செயின், பெல்ட், ஷாஃப்ட், எது பெஸ்ட்?

பெல்ட் எனக்குப் பிடித்தது. எண்ணெய் போட வேண்டாம், சத்தமில்லை, நீண்ட நாள் வரும். ஹார்லி, இந்தியன் பெரும்பாலும் பெல்ட்டே. ஒரே எதிரி, பல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கும் கூழாங்கல். கற்சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தாது. ஷாஃப்ட் (ராக்கெட் 3, ஆர்18, விமேக்ஸ்) மறந்தே போய்விடக்கூடிய ஏற்பாடு. ஆயிலை மட்டும் அட்டவணைப்படி மாற்றினால் போதும். ஆனால் எடை கூடும், கெட்டால் செலவும் பெரிது. செயின் (டயாவெல், ரெபெல்) லேசானது, ஸ்ப்ராக்கெட் மாற்றி கியர் விகிதத்தைக் கூட்டிக் குறைக்கலாம். துடைத்து, எண்ணெய் போட்டு, இறுக்கம் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் முறுக்கினா வண்டி பக்கவாட்டுல ஆடுது. ரிப்பேரா?

ஆர்18, ராக்கெட் 3 என்றால் ரிப்பேர் இல்லை. அவற்றில் கிராங்க்‌ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. நின்றபடி த்ராட்டிலை முறுக்கினால் அதன் எதிர்விசை வண்டியை ஒரு பக்கம் தள்ளும். ஓடத் தொடங்கினால் தெரியாது.

சூடு தாங்குமா? டிராஃபிக்ல தொடை வெந்துடுமா?

பெரிய இன்ஜின் என்றால் சூடு உண்டு, தப்ப முடியாது. வி-ட்வின்னில் பின் சிலிண்டர் சரியாகத் தொடைக்குக் கீழே இருக்கும், முன்காற்றும் அதற்கு அதிகம் கிடைக்காது. நீரால் குளிரூட்டினால் இன்ஜின் பிழைக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஊதும் காற்று எங்கே போகிறது என்பதைப் பொறுத்து உங்கள் கால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். டயாவெல் வி4 நிற்கும்போது பின் சிலிண்டர்கள் இரண்டையும் அணைத்துவிடுகிறது. இந்தியனின் காற்றால் குளிரும் பெரிய வி-ட்வின்களிலும் பின் சிலிண்டர் அணையும் வசதி இருக்கிறது. தினமும் நெரிசலில் ஊர்பவர் என்றால் டெஸ்ட் ரைடை வெயில் நேரத்தில், நெரிசலான சாலையில் கேளுங்கள். குளிர்ந்த காலையில் ஓட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அனுபவம் இருக்கு. டிராக்‌ஷன் கன்ட்ரோல், கார்னரிங் ஏபிஎஸ் எல்லாம் எனக்கு எதுக்கு?

4000 ஆர்பிஎம்மில் 221 நியூட்டன் மீட்டர் என்று மேலே பார்த்தோமே, அது ஈரச் சாலையில், சாய்ந்த நிலையில், பின்டயருக்குப் போகும்போது உங்கள் மணிக்கட்டைவிட கம்ப்யூட்டர் வேகமாக வேலை செய்யும். நீளமான, தாழ்வான வண்டி முன்சக்கரத்தை எளிதில் தூக்காது. அந்தச் சக்தி பின்டயரைச் சுழற்றத்தான் பார்க்கும். சாய்வை அறிந்து வேலை செய்யும் ஏபிஎஸ் கிடைக்கிற வண்டியில் அதை விட்டுவிடாதீர்கள். க்விக்‌ஷிஃப்டர், லாஞ்ச் கன்ட்ரோல், பெரிய திரை எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

எங்க ரோடு மோசம். க்ரூஸர் ஒத்துவருமா?

பின் சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அசையும் என்று பாருங்கள். 2021-ல் வந்தபோது ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-க்கு அது 51 மி.மீ.தான். ஆர்18-க்கு 90, ராக்கெட் 3-க்கு 107, டயாவெல் வி4-க்கு 145. முன் கன்ட்ரோல் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: பெக்கில் ஊன்றி எழும்பவும் முடியாது, சஸ்பென்ஷனும் சீக்கிரம் அடித்தட்டிவிடும் என்றால், பள்ளமான சாலையில் அந்த வண்டி தண்டனைதான். வேகத்தடையில் அடிவயிறு இடிப்பதும் இதோடு வரும். சாலை மோசம் என்பது உறுதியானால் உயரமான பவர் க்ரூஸரைப் பாருங்கள், அல்லது ஆசையை வேறு வகைக்குத் திருப்புங்கள்.

வீட்டம்மாவையும் கூட்டிட்டு லாங் போகணும்.

அப்படியானால் அவர்களை டெஸ்ட் ரைடுக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் சோபாவில் இருக்க, பின்னால் இருப்பவர் பிஸ்கட் அளவு சீட்டில், முட்டி நெஞ்சைத் தொட உட்கார்ந்திருப்பது இந்த வகையின் பொதுவான அநியாயம். சில வண்டிகள் ஒற்றை சீட்டோடுதான் வருகின்றன. பின்சீட், பெக், முதுகுச் சாய்வு எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டும். டேங்க்கையும் பாருங்கள்: ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-க்கு 11.8 லிட்டர், ராக்கெட் 3-க்கு 18, டயாவெல் வி4-க்கு 20. சின்ன டேங்கும் பெரிய இன்ஜினும் சேர்ந்தால் நீண்ட பயணத்தில் கண் பெட்ரோல் பங்கையே தேடிக்கொண்டிருக்கும்.

யூஸ்டு வாங்கினா லாபமா?

லாபம்தான். க்ரூஸர்களைப் பலரும் விடுமுறையில் மட்டும் ஓட்டுவதால் கிலோமீட்டர் குறைவாகவே இருக்கும். அதனாலேயே வயதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் அதை மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்க்க வேண்டும். வி-ட்வின் டயாவெல்களில் டைமிங் பெல்ட்டுக்கும் வயதுக் கணக்கு உண்டு. ஓடாமல் நின்றிருந்தாலும் மாற்ற வேண்டும். ஹார்லியின் மில்வாக்கி-எய்ட் இன்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் வால்வு இடைவெளி சரிசெய்யும் வேலையே கிடையாது. பழைய வண்டி தேடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பெக்கின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். சைலன்ஸரோ ஃபிரேமோ உராய்ந்திருந்தால் யோசியுங்கள். ஹேண்டில்பார் முனை, லீவர் முனை, சிலிண்டர் மூடி மூன்றும் ஒரே பக்கம் கீறியிருந்தால் நின்ற இடத்தில் விழுந்த வண்டி. அது பெரிய குற்றமில்லை, விலையைக் குறைக்கலாம். சைலன்ஸரை மாற்றியிருந்தால் ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதற்கேற்ப மாற்றினார்களா, ஒரிஜினல் சைலன்ஸர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரிஜினல் இல்லாத வண்டி சோதனைச் சாவடியிலும் மறுவிற்பனையிலும் தலைவலி.

டெஸ்ட் ரைடுல என்ன பார்க்கணும்? அவங்க பத்து நிமிஷம்தான் தராங்க.

முறுக்கிப் பார்த்து அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். வேகமாகப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். இன்ஜினைப் போடும் முன் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, இறங்கி நின்று, நான்கடி பின்னே தள்ளிப் பாருங்கள். பிறகு நடக்கும் வேகத்தில் நேராகக் கொஞ்ச தூரம், ஒரு வலது யூ-டர்ன், ஒரு இடது யூ-டர்ன். மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து மெல்லத் திறந்து, உதறாமல் இழுக்கிறதா என்று பாருங்கள். த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டு மறுபடி திறக்கும் அந்தக் கணத்தில் குதிக்கிறதா என்றும் கவனியுங்கள். மெதுவான வளைவின் நடுவில் அந்தக் குதிப்புதான் வண்டியைக் கோட்டிலிருந்து தள்ளும். நேரம் மிச்சமிருந்தால் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றுங்கள்.

டயாவெல், ராக்கெட், ஸ்போர்ட்ஸ்டர் எஸ், சாஃப்டெய்ல். சுத்தி சுத்தி இதுலயே நிக்கறேன். நீங்களா இருந்தா?

வளைவுகளை விட மனமில்லாத ஸ்போர்ட்ஸ் பைக்காரருக்கு டயாவெல் வி4. க்ரூஸர் தோற்றத்தில் இருந்தாலும் அது ஓட்டும் முறையில் உங்கள் பழைய உலகத்துக்கு அருகில். கியர் மாற்றச் சோம்பல், ஆனால் கை முறுக்கினால் அடிவானம் அருகே வர வேண்டும் என்றால் ராக்கெட் 3; அதன் உடம்பை நிறுத்த உங்களுக்கு இடமும் தெம்பும் இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ்டர் எஸ் நகரத்துக்கும் குட்டிப் பயணத்துக்கும் அருமை, முதுகும் டேங்க்கும் ஒத்துழைக்கும் வரை. எனக்கு என்று கேட்டால் மிட் கன்ட்ரோல் உள்ள சாஃப்டெய்ல் லோ ரைடர் எஸ். பவரில் நால்வரில் அதுதான் கடைசி. ஆனால் நான் ஓட்டுகிற வேகத்தில் தேவையான டார்க் முழுவதும் அதில் கீழேயே கிடைத்துவிடுகிறது.

இந்த நான்கும் கைக்கு அடங்காது, ஆனால் பெரிய க்ரூஸர் வேண்டும் என்றால் ரெபெல் 1100-ஐ ஓட்டிப் பாருங்கள். 1084 சிசி, கிளட்ச் லீவர் இல்லாத, தானாகக் கியர் மாற்றும் டிசிடி கியர்பாக்ஸும் கிடைக்கும். பேட்ஜைப் பார்த்து அதைத் தள்ளுபவர்கள் அதிகம். ஓட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளியவர்கள் குறைவு.

இவ்வளவு கனமான வண்டி கீழ விழுந்துட்டா தனியா தூக்க முடியுமா?

முறை தெரிந்தால் பலருக்கு முடியும். முதலில் இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள், தூக்கியதும் மறுபக்கம் சாயாமல் அது தாங்கும். கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டின் விளிம்பில் பின்புறத்தை அழுத்தி உட்காருவதுபோல முட்டியை மடக்குங்கள். ஒரு கை ஹேண்டில்பார் முனையில், மற்றொரு கை சீட்டுக்குக் கீழே சூடில்லாத உறுதியான இடத்தில். முதுகை வளைக்காமல், காலால் தரையை உதைத்துக் குட்டி அடிகளாகப் பின்னே நடந்தால் வண்டி எழும். இடப்பக்கம் விழுந்த வண்டியை நிமிர்த்தியதும், காலால் ஸ்டாண்டைத் தேடித் தட்டும் வரை கையை விடாதீர்கள். சரிவில் விழுந்திருந்தாலோ, முதுகில் பழைய வலி இருந்தாலோ முயற்சியே வேண்டாம், யாரையாவது கூப்பிடுங்கள். கிராஷ் கார்டு போட்டிருந்தால் வண்டி முழுதாகப் படுக்காது, பாதி வேலை அப்போதே மிச்சம்.